கப்பலில் ஆள் இல்லாவிட்டாலும் கடலில் ஆள் உண்டு

இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். பத்தொன்பது வயதுவரை அப்பாவோடும் சித்தப்பாவோடும் நாட்டுப்படகில் வலை இழுத்தேன். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் மாலுமியாக வேலை பார்த்து, பெரும்பாலான இரவுகளைக் கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில், கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட்டாக நின்றே கழித்தேன். இப்போது ஊரோடு இருக்கிறேன். படகிலிருந்து கப்பலைப் பார்த்தவனும் கப்பலிலிருந்து படகைப் பார்த்தவனும் ஒருவனாகவே இருப்பது எங்கள் பக்கம் அரிதில்லை என்றாலும், அப்படிப்பட்டவர்களின் பேச்சு விதி வகுக்கும் மேசைவரை போவது அரிது என்பதால் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தானாக இயங்கும் கப்பல்களுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒரு விதித்தொகுப்பை உருவாக்கி வருவது தாங்கள் அறிந்ததே. முதலில் கட்டாயமில்லாத தொகுப்பு, பின்பு 2032 ஜனவரி 1 முதல் கட்டாய விதி என்பது அந்த அமைப்பு வகுத்திருக்கும் கால அட்டவணை. இடைப்பட்ட ஆண்டுகளை 'அனுபவம் திரட்டும் காலம்' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது. யாருடைய கடலில், யாருடைய வலையின் மேல் அந்த அனுபவத்தைத் திரட்டப் போகிறார்கள் என்று இந்தியாவின் சார்பில் கேட்க வேண்டிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள்.

விவரம் தெரியாமல் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அமைப்பு நான்கு படிகளைப் பிரித்திருக்கிறது: மனிதருக்கு முடிவெடுக்கத் துணை நிற்கும் கருவிகள் உள்ள கப்பல், ஆட்கள் இருந்தும் கரையிலிருந்து இயக்கப்படும் கப்பல், ஆளே இல்லாமல் கரையிலிருந்து இயக்கப்படும் கப்பல், முழுக்கத் தானே முடிவெடுக்கும் கப்பல். முதல் படி ஏற்கெனவே எல்லாப் பெருங்கப்பலிலும் வந்துவிட்டது. நானே அதோடு வேலை செய்திருக்கிறேன். 2018 டிசம்பரில் ஃபின்லாந்தில் ஒரு படகுச் சேவைக் கப்பல் ஆள் கை படாமல் இரு தீவுக் கரைகளுக்கிடையே போய் அணைந்தது. நார்வேயில் 'யாரா பிர்க்லாண்ட்' என்ற 80 மீட்டர் நீள மின்கலக் கப்பல் 2022 முதல் உரப் பெட்டகங்களைச் சுமக்கிறது. ஜப்பானும் 2022-இல் பெட்டகக் கப்பலைத் தானாக ஓடவிட்டுப் பார்த்தது. நம் நாட்டிலேயே 2024-இல் கடற்படையின் ஆதரவோடு ஆளில்லாப் படகு ஒன்று மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. இவையெல்லாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் நார்வேயின் மலையிடுக்குக் கழியில் பகலிலும் இரவிலும் எத்தனை படகு, எந்தப் படகு, எங்கே போகிறது என்பது கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும். கோடியக்கரைக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே அதிகாலை மூன்று மணிக்குக் கடலில் எத்தனை படகு நிற்கிறது என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டாலும் தெரியாது.

ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. கரையிலிருந்து கிழக்கே வெகுதூரம் போய்ச் செவுள் வலையை இறக்கிவிட்டு, வலையின் ஒரு தலைப்பைப் படகில் கட்டிக்கொண்டு மிதந்து கொண்டிருந்தோம். நிலா இல்லை, கொண்டல் காற்று லேசாக வீசியது. சித்தப்பா தூங்கிவிட்டார். அமரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று, "டேய், சிவப்பும் பச்சையும் ஒண்ணா தெரியுது பாரு" என்றார். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை; ஒன்று மட்டும் தெரிந்தால் கப்பல் ஒதுங்கிப் போகிறது, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் தலைக்கு வருகிறது. வலையை அறுத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பலாம், ஆனால் ஈரத்தில் இன்ஜின் பிடிக்கவில்லை. கையிலிருந்த டார்ச்சை அப்பா ஆட்டினார். வெளிச்சம் மங்கல். கடைசியில் தன் இடுப்பு வேட்டியை அவிழ்த்து, துடுப்பின் முனையில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தித் தூக்கிப் பிடித்தார். அந்தத் தீயின் வெளிச்சத்தில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சை விளக்கு அணைந்தது போல மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. கப்பல் தன் வலப்பக்கமாகத் திரும்பிவிட்டது. அது கிளப்பிய அலை படகை ஓர் ஆள் உயரம் தூக்கிப் போட்டது, வலையில் பாதி போயிற்று, ஆட்கள் மிஞ்சினோம்.

அந்தக் கப்பலின் பிரிட்ஜில் என்ன நடந்திருக்கும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வேறொரு கடலில், நிலக்கரி ஏற்றிய கப்பலொன்றில், நள்ளிரவு வாட்சில், அதாவது காவல் முறையில், முன்னே ஒரு மினுக்கல் கண்ணில் பட்டது. வந்தது, போனது, மறுபடி வந்தது. இரண்டாம் அதிகாரியிடம் சொன்னேன். அவர் ரேடாரைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தொலைநோக்கியில் பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. "நிச்சயமாகப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, தானியங்கிச் சுக்கானை நிறுத்திக் கையால் திருப்பச் சொன்னார். கால் மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் இடப்பக்கமாக ஒரு மரப்படகு கடந்து போனது. அதில் ஒருவர் எழுந்து நின்று கையிலிருந்த அரிக்கேன் விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார். கருவி சொன்னதற்கு எதிராக ஒரு மாலுமியின் கண்ணை நம்பிய அந்த அதிகாரியின் முடிவு எந்தப் பதிவேட்டிலும் விபத்துத் தவிர்ப்பு என்று ஏறவில்லை. நேர்ந்த விபத்துகள்தான் புள்ளிவிவரமாகின்றன.

ரேடார் ஏன் காட்டவில்லை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ரேடார் அலை இரும்பில் பட்டால் நன்றாகத் திரும்பும். மரத்திலும் கண்ணாடி இழையிலும் பட்டால் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும், அல்லது திரும்பி வருவது கேட்காத அளவு மெலிந்துவிடும். ஃபைபர் படகில் இரும்பு என்றால் பின்னால் தொங்கும் இன்ஜினும் ஒரு நங்கூரமும்தான். படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து முழங்கால் உயரம்; கொஞ்சம் அலை அடித்தால் அலையின் முதுகுகளே ரேடார் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை அழிக்க அதிகாரி ஒரு குமிழைத் திருப்புவார். அலையோடு சேர்ந்து படகும் திரையிலிருந்து அழிந்துவிடும். தானியங்கிக் கப்பலில் இதே வேலையை மென்பொருள் செய்யும். வடகிழக்குப் பருவமழையில் கேமரா பயனற்றுப் போகும். வெப்பத்தைக் காணும் கேமரா குளிர்நாட்டுக் கடலில் மனித உடலைத் தனியாகக் காட்டும். நம் கடலின் நீரே கோடையில் 30 பாகை அளவில் இருக்கும்போது அந்த வேறுபாடு சுருங்கிவிடும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தோற்கும் சூழல் எது என்று கேட்டால், நிலா தெரியாத இரவில், மழை தூறும்போது, அலை மூன்றடி இருக்கையில், மண்ணெண்ணெய் விளக்கோடு நிற்கும் ஒரு ஃபைபர் படகு என்பதுதான் பதில். எங்களுக்கு அது ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு மூன்று நாள் நடக்கும் சங்கதி.

எனவே என் முதல் வேண்டுகோள் சோதனையைப் பற்றியது. தானியங்கிக் கப்பல் எதுவும் இந்தியக் கடலில் அனுமதி பெறும் முன்பு, அந்தக் கப்பலின் 'கண்' இந்தக் கடற்கரையில், இந்தப் படகுகளை வைத்து, இரவில், மழையில் சோதிக்கப்பட வேண்டும். கணினியில் வரைந்த கடலில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தோம் என்பது துணைச் சான்றாக இருக்கலாம். முதற்சான்றாக இருக்கக் கூடாது. வலையை இறக்கி மிதக்கும் படகு, வலையை இழுக்கும் படகு, இன்ஜின் நின்றுபோன படகு, தெர்மோகோல் மிதப்பில் ஒரு கொடிக்கம்பும் சிமிட்டும் சிறு விளக்கும் மட்டுமே அடையாளமாக இருக்கும் இரண்டு கிலோமீட்டர் வலை ஆகிய ஒவ்வொன்றையும் கப்பல் எந்தத் தூரத்தில் கண்டது, எந்தத் தூரத்தில் திரும்பியது என்பதை எழுதி வெளியிட வேண்டும். அந்தத் தூரம் ஏன் முக்கியம் என்றால், முழு வேகத்தில் போகும் கப்பலைப் பின்னோக்கி இயக்கி நிறுத்த அதன் நீளத்தைப் போல 15 மடங்கு தூரம்வரை சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. 300 மீட்டர் கப்பலுக்கு அது நாலரைக் கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரில் படகைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமைப்படும் கருவியால் எங்களுக்குப் பயனில்லை. சோதனைக்குழுவில் கணினி வல்லுநர்களோடு இந்தக் கரையின் படகோட்டிகளும் இருக்க வேண்டும். "இந்த நேரத்தில் நாங்கள் பயந்திருப்போம்" என்று அவர்கள் சொன்னால் அந்த ஓட்டம் தோல்வி என்று எழுதப்பட வேண்டும்.

கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் 1972-இல் எழுதப்பட்டவை. ஐந்தாம் விதி, ஒவ்வொரு கப்பலும் எல்லா நேரத்திலும் கண்ணாலும் காதாலும், கிடைக்கும் மற்ற எல்லா வழியாலும் முறையாகக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஏழாம் விதி, அரைகுறைத் தகவலை, குறிப்பாக அரைகுறை ரேடார் தகவலை வைத்து அனுமானம் செய்யாதே என்கிறது. பதினெட்டாம் விதிப்படி மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும். இருபத்தைந்தாம் விதியில் இன்னொன்றும் இருக்கிறது; பலர் அதைக் கவனிப்பதில்லை. துடுப்புப் படகுக்கு நிலையான விளக்கு இல்லாவிட்டால், கையில் தயாராக ஒரு டார்ச்சோ ஏற்றிய விளக்கோ வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்டினால் போதும். அதாவது உலகக் கடல் சட்டமே, கையில் டார்ச் பிடித்த மனிதனைப் பெருங்கப்பல் காண வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆளில்லாக் கப்பலுக்கு அந்தக் கடமையைக் குறைத்து எழுத எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் எளிய பதில் தயாராக இருக்கும் என்பது தெரியும்: "படகுகள் எல்லாவற்றிலும் அடையாளக் கருவி பொருத்திவிட்டால் கப்பல் தானே கண்டுகொள்ளுமே." பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் மீன்பிடிப் படகுகளில் வரத் தொடங்கியிருப்பது நல்லதே. புயல் எச்சரிக்கையைக் கடலிலேயே அறிய அது உதவுகிறது. ஆனால் கரையோடு செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி வேறு, எதிரே வரும் கப்பலிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நேரடியாகச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவி வேறு. அதையும் கொடுத்தாலும், உப்புநீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, பேட்டரி இறங்கிப்போகும் ஒரு பெட்டி வேலை செய்யாத இரவில் அந்தப் படகு சட்டத்தின் கண்ணில் இல்லாத படகாக ஆகிவிடக் கூடாது. கருவி கொடுப்பது உதவியாக இருக்கட்டும். "கருவி வைத்திருக்கவில்லை, எனவே மோதியது அவன் தவறு" என்று வழக்கில் வாதாடுவதற்கான வாசலாக அது மாறாமல் விதியில் ஒரு வரி எழுதப்பட வேண்டும்.

மனிதர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு மணி நேரம் வாட்ச், ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாதக்கணக்கில் ஓடும் சிறு கப்பல்களில் நின்றுகொண்டே தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படித் தூங்கியவன் நானே. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ஆட்கள் நிறைந்த இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளி வாளியாக அதை அள்ளியவர்கள் மீனவர்களும் மாணவர்களும். 2020-இல் மொரீசியஸ் பவளப்பாறையில் ஏறிய கப்பல், கைபேசிச் சிக்னல் தேடிக் கரையை ஒட்டி வந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. கருவிக்குத் தூக்கம் வராது, வீட்டு நினைவும் வராது. அந்த அளவில் கருவியை நான் வரவேற்கிறேன். தூங்கும் அதிகாரியை எழுப்பும் கருவி, அவர் காணாததைக் காட்டும் கருவி என்றால் நாளைக்கே வரட்டும். என் அச்சம் மூன்றாம், நான்காம் படிகளைப் பற்றியது.

அந்தப் படிகளில், படகைக் காண்பது பாதிச் சங்கதிதான். ஒன்று பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லாதது மறுபாதி. 'மேஃபிளவர்' என்ற ஆளில்லாச் சோதனைக் கப்பல் 2021-இல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டு, சிறு இயந்திரக் கோளாறால் திரும்பியது. 2022-இல் மறுபடி புறப்பட்டு, ஜெனரேட்டர் கோளாறால் அசோரஸ் தீவுக்கு ஒதுங்கி, மனிதர் ஏறிச் சரிசெய்த பிறகு, நினைத்த துறைமுகத்துக்குப் போக முடியாமல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் போய் நின்றது. அதன் செயற்கை மூளை தோற்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க ஒரு கை இல்லாததுதான் குறை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்த கப்பலிலும் ஒரு கம்பி தளர்ந்ததுதான் தொடக்கம். மின்சாரம் அறுந்து கப்பல் கட்டுப்பாட்டை இழந்தது. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டவர். இருட்டில் அவர்கள் மின்சாரத்தை மீட்கப் போராடினார்கள், நங்கூரத்தை இறக்கினார்கள். கப்பலிலிருந்து போன அபாய அழைப்பால் போலீசார் பாலத்தில் வண்டிகளை நிறுத்த முடிந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். அந்த அழைப்பு இல்லாவிட்டால் எத்தனை வண்டிகள் ஆற்றில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரையோடு தொடர்பு அறுந்தால் தானியங்கிக் கப்பல் என்ன செய்யும்? ஆபத்து மிகக் குறைந்த நிலைக்குத் தானே போய்விடும் என்பது வல்லுநர்கள் தரும் விடை. அதாவது வேகத்தைக் குறைக்கும், நிற்கும், அல்லது நங்கூரம் இடும். காவிரிக் கழிமுகத்துக் கரையில் இது அப்படியே பொருந்தாது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் கரை கிழக்கு நோக்கித் திறந்த கரை. கொண்டலும் வாடையும் வீசும் மாதங்களில் நின்றுபோன கப்பல் கரையை நோக்கித்தான் தள்ளப்படும். ஒதுங்கக் குடாவோ தீவோ கிடையாது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் தாங்காமல் இழுபட்டுச் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஏறியதும், உயிர்க்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் இறந்ததும், உள்ளூர் மீனவர்கள் கடலில் இறங்கிப் பலரைக் காப்பாற்றியதும் யாரும் மறந்திருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது கடலில் ஓர் ஆளில்லாக் கப்பல் 'குறைந்த ஆபத்து நிலையில்' நின்றிருந்தால் அது விடியும்போது எந்த ஊரில் கிடந்திருக்கும் என்று எங்களால் ஊகிக்க முடியும்.

முகத்துவாரங்களின் கதை வேறு. ஆறு கொண்டுவரும் மண்ணும், கரையோரமாகக் கடல் இழுத்துப் போகும் மணலும் சேர்ந்து இங்கே எந்த முகத்துவாரமும் ஓராண்டு இருந்தபடி மறு ஆண்டு இருப்பதில்லை. சென்ற ஐப்பசியில் படகு தாராளமாகப் போன வழியில் இந்தத் தை மாதம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் போனால் பழையாறு பக்கத்து மணல்திட்டே இடம் மாறிவிடும். அளந்து வரைந்த கடல் வரைபடம் அந்த வேகத்துக்கு வரமுடியாது. வரைவோரைக் குறை சொல்லவில்லை. உள்ளூர்ப் படகோட்டி அலை உடையும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வழியைத் தீர்மானிப்பான். பெருங்கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் வரப்போவதில்லை என்றாலும், கரையோரச் சரக்குப் படகுகளையும் தோணிகளையும்தான் முதலில் தானியங்கியாக்குவார்கள் என்று தோன்றுகிறது. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. காரைக்காலுக்கு நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. குறுகிய, திரும்பத் திரும்பப் போகும் வழித்தடங்கள்தான் இத்தகைய சோதனைக்குத் தோதானவை என்று யாராவது தங்கள் மேசையில் ஒரு திட்டத்தை வைக்கும் நாள் தூரத்தில் இல்லை.

செயற்கைக்கோள் இடங்காட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2017-இல் கருங்கடலில் சுமார் இருபது கப்பல்களின் கருவிகள், அவை ஏதோ ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எட்டிப் பார்க்க ஆளில்லாத கப்பல் அதை நம்பித் திரும்பியிருக்கக்கூடும். பொய்ச் சமிக்ஞையை அடையாளம் காணவும், ரேடாரில் தெரியும் கரையையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்துத் தன் இடத்தைத் தானே சரிபார்க்கவும் தெரியாத கப்பலுக்குச் சான்றிதழ் கூடாது.

இனி, பொறுப்பு. இதைச் சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். 2012 மார்ச்சில் ஆலப்புழைக்கு அப்பால் சரக்குக் கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். கப்பல் நிற்காமல் போனது, பின்னர்தான் அதைக் கண்டுபிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் நள்ளிரவுக்குப் பின் வெளிநாட்டுக் கப்பல் மோதிய படகில் பதினான்கு பேர் இருந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ஆட்கள் உள்ள கப்பலில் குறைந்தபட்சம் ஒரு கேப்டன் இருக்கிறார், வாட்சில் இன்னார் இருந்தார் என்று ஒரு பெயர் இருக்கிறது. போலீஸ் கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கிறது. ஆளில்லாக் கப்பல் ஒரு நாட்டில் பதிவானது, இன்னொரு நாட்டின் நிறுவனத்துக்குச் சொந்தமானது, மூன்றாம் நாட்டில் எழுதிய மென்பொருளால் ஓடுவது, நான்காம் நாட்டின் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் பல திரைகளில் ஒன்று என்றால், அக்கரைப்பேட்டையில் ஒரு விதவைப் பெண் யார் மீது வழக்குப் போடுவாள்? எந்த மொழியில்?

ஆகவே, இந்தியக் கடலுக்குள் வரும் ஒவ்வொரு தானியங்கிக் கப்பலுக்கும், அந்த நேரத்தில் அதன் கேப்டனாகச் சட்டம் ஏற்கும் தகுதிச் சான்று பெற்ற ஒரு மனிதரின் பெயர் பதிவில் இருக்க வேண்டும். ஒருவர் எத்தனை கப்பலைப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், நெரிசலான மீன்பிடிக் கடலில் அந்த வரம்பு ஒன்று என்று இருக்க வேண்டும். கப்பலின் கேமராப் பதிவும் ரேடார்ப் பதிவும், அந்தக் கணத்தில் அது எதை எதுவாகக் கருதியது என்ற உள்பதிவும், கேட்ட உடனே இந்திய விசாரணை அதிகாரியின் கைக்கு வர வேண்டும். 'வணிக ரகசியம்' என்ற பதில் அங்கே செல்லக் கூடாது. அறுந்த வலைக்கும் போன உயிருக்கும் இழப்பீடு கொடுக்கப் போதிய காப்பீடு, நம் நீதிமன்றம் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். 2025-இல் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் கீழ் விதிகள் எழுதப்படும் இந்த நேரத்தை விட்டால் இவற்றைச் சேர்க்க இன்னொரு நேரம் எளிதில் வாய்க்காது.

கடலில் தத்தளிப்பவரைக் கண்டால் காப்பாற்ற வேண்டும் என்பது உலகக் கடல் சட்டம் எந்தக் கொடிக் கப்பலின் தலைவருக்கும் விதித்திருக்கும் கடமை. கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பவனை ஆளில்லாக் கப்பல் கண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கயிறு வீச அதில் யார் இருக்கிறார்கள்? கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்வதோடு கடமை முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்திலேயே நிற்கவும், விளக்கைப் போட்டு இடத்தைக் காட்டவும், காற்றைத் தடுத்து நிற்கவும், மிதவையையும் கயிற்று ஏணியையும் தானே இறக்கவும் அதனால் முடிய வேண்டும். அப்பா கொளுத்திய வேட்டியை இந்த இடத்தில் மறுபடி நினைக்கிறேன். மோதல் தவிர்ப்பு விதிப்புத்தகத்தின் இணைப்பில், படகில் எரியும் தீ அபாயக் குறிகளில் ஒன்று. கருவி அதைத் தீ என்று படித்து உதவிக்கு நேராக எங்களை நோக்கி வந்திருந்தால்? அல்லது மீன்பிடி விளக்குகளின் பட்டியலில் இல்லாத வெளிச்சம் என்று தள்ளியிருந்தால்? அந்த இரவு ஒரு மனிதர் அதைப் பார்த்து, "யாரோ பயந்து போயிருக்கிறார்கள், ஒதுங்கு" என்று சரியாகப் படித்தார்.

ஒரு சிறு விஷயம். கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியின் பதினாறாம் அலைவரிசையில் எங்கள் பையன்கள் கூப்பிட்டால் பதில் தமிழில் வர வேண்டும். "கப்பலே, வலை கிடக்கு, தெக்கால ஒதுங்கு" என்பதைப் புரிந்துகொள்ளும் ஒரு தமிழர் கட்டுப்பாட்டு அறையில் இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பது பெரிய செலவில்லை. ஆபத்தில் 1554-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையிடம் பேசுவது போல, இந்தக் கப்பல்களைப் பற்றிச் சொல்லவும் ஓர் எண் வேண்டும். அந்தப் பதிவுகள் ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் கரையோரக் கடலுக்குப் போகும். அந்த நாட்களில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை, முடிந்தால் மென்பொருள் எழுதுபவர் ஒருவரையும், நாகப்பட்டினத்துக்கு அனுப்பி வையுங்கள். என் தம்பி மகனின் படகில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். இரவு ஒரு மணிக்குப் புறப்படுவோம். உயிர்காப்பு உடை நாங்கள் தருகிறோம், வாந்தி வந்தால் எலுமிச்சை இருக்கிறது. கிழக்கே போய் வலையை இறக்கிவிட்டு விளக்கைத் தணித்து வைப்போம். ஒரு கப்பல் வரும்வரை காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி ஒருவன்,
நாகப்பட்டினம்